இரண்டையும் எண்ணுக!

நெய்தற்கரை மகளிர் சிறையின் கிழக்குக் கதவு அன்று காலை மகளுக்குத் திறந்தது, தாய்க்குத் திறக்கவில்லை.

ஐந்து வயதுக் கடலரசி வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தாள். “வாம்மா, ஏன் நிக்கிற?” என்றாள். முத்துராக்கு ஓரடி முன்வைத்தாள். கதவு மூடியது. பின்வாங்கினாள். கதவு திறந்தது. மூன்று முறை இப்படி நடந்ததும் குழந்தை அதை விளையாட்டென்று எண்ணிக் கைகொட்டிச் சிரித்தது. தாய் சிரிக்கவில்லை. கதவின் நெற்றியில் நேற்றுவரை பச்சையாய் எரிந்த தன் கைதி எண், இன்று சிவப்பாய் எரிவதை அவள் பார்த்துவிட்டாள்.

கதவுகளுக்கு ஆணையிடுவது வகைகாணி என்னும் பொறி. சிறையின் சுவருக்குள் வாழ்வோரை அது மூன்றாகப் பிரிக்கும்: மெல்வகை, இடைவகை, வல்வகை. மெல்வகையினர் மீது பூட்டு விழாது. காலையில் வெளியே போய் உழைத்துவிட்டு விளக்கேற்றும் நேரத்தில் திரும்பலாம். பெற்ற பிள்ளையைப் பன்னிரண்டு வயதுவரை தம்முடன் வைத்துக்கொள்ளலாம். இடைவகையினர் சுவருக்குள் மட்டும் நடமாடலாம்; வல்வகையினருக்கோ, புகார் சொல்லும் இடத்துக்குப் போகும் வழி தவிர மற்றக் கதவெல்லாம் மூடும். மற்ற இரு வகையினரின் பிள்ளைகள், ஆறு வயது நிறைந்த அன்றே அரசு இல்லத்துக்குப் போய்விட வேண்டும். அன்றோடு சேர்த்து எட்டாம் நாள் கடலரசிக்கு ஆறு நிறைகிறது.

எத்தனை பெருமையோடு வந்த பொறி அது! பிறப்பைப் பார்த்து ஒருவன் கையில் கரண்டியும், பிறப்பைப் பார்த்தே இன்னொருவன் கையில் துடைப்பமும் கொடுத்த பழைய சிறை ஏடுகளைத் தெருவில் போட்டுக் கொளுத்திய தலைமுறை கொண்டுவந்த பொறி! அதற்குச் சாதி தெரியாது, சமயம் தெரியாது, எவன் எவனுக்கு மைத்துனன் என்பது தெரியாது. சீருடைக்கும் அதனிடம் சலுகை கிடையாது. இருநூறு கைதிகள், கண்காணிப்பாளர் உட்படப் பணியாளர் பன்னிருவர், ஆக இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒரே கோலால் அளந்தது. அந்தக் கோல் எது? அதை அளந்து பார்த்தவர் யார்? பத்தாண்டுகளாக எவரும் கேட்கவில்லை.

அதைக் கேட்பதற்குத்தான் குற்றப் பதிவியல் ஆய்வாளர் கயற்கண்ணி அன்று காலை சிறைக்கு வந்திருந்தார்.

“நீங்க வந்தது எங்களுக்குப் பெருமை மேடம்,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் கண்காணிப்பாளர் மங்கையர்க்கரசி. முப்பதாண்டுப் பணியில் ஒரு நாளும் தாமதமாக வராதவர். விதி நூலின் பக்க எண்கள்கூட அவருக்கு மனப்பாடம். “உங்க பேச்சுதானே இங்க சட்டமா இருக்கு!”

“என் பேச்சா?”

“நீங்க பேசின பட்டிமன்றத்துத் தீர்ப்புதானே? கல்லூரியில படிக்கிற என் மகள் அதை ஒப்பிப்பா.”

கயற்கண்ணி முகம் சிவந்தார். அது பெருமையினாலா வேறெதனாலா என்று அவருக்கே விளங்கவில்லை.

அந்த நாட்டில் அறிஞர்கள் தம் பூசலை அறைக்குள் பேசி முடித்துக்கொள்ளும் வழக்கம் ஒழிந்து நெடுநாளாயிற்று. மக்கள் வரியில் நடந்த ஆய்வு மக்கள் முன்னால் வாதிடப்படவேண்டும்! போராடிப் பெற்ற உரிமை அது. ஒரு தலைப்பு, இரண்டு அணி, இடையில் ஒரு நடுவர். நடுவர் சொன்ன தீர்ப்பு மறுநாளே பொறியில் ஏற்றப்படும்.

பதினோராண்டுக்கு முன் தெருத்தோறும் செவிக்கல் நட்டார்கள். இடுப்புயரக் கல், அதன் முன் நின்று எவரும் தமக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லலாம். காவல் நிலையப் படி ஏற வேண்டாம். எழுதத் தெரிய வேண்டாம். ஏட்டய்யாவின் முறைப்புக்கு அஞ்ச வேண்டாம். கல் கேட்கும், பெயர்களைக் குறித்துக்கொள்ளும், எண் கொடுக்கும். ஓராண்டில் நாட்டின் புகார்கள் மும்மடங்காயின. ஆட்சியாளர் அலறினர். அறிஞர் இரு கூறாயினர். “பெருகியது குற்றமா, குரலா?” என்று மேடை போட்டார்கள்.

குரல் அணிக்குத் தலைமை தாங்கியவர் கயற்கண்ணி. “குற்றம் நேற்றும் இதே அளவில் இருந்தது, அது இருட்டில் இருந்தது! பதியப்படாத குற்றத்தின் பெயர் இருளெண். அந்த இருளெண்தான் இன்று வெளிச்சத்துக்கு வருகிறது. அலறாதீர்கள், நன்றி சொல்லுங்கள்!” என்று முழங்கினார். எதிரணியோ, புகார் மிகுந்த இடமே பூசல் மிகுந்த இடம், எண் ஏறினால் ஆபத்து ஏறுகிறது என்று அடித்துப் பேசியது. அரங்கம் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டியது.

நடுவர் என்ன செய்வார்? நாடறிந்த நல்லவர், எந்த அணியையும் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து சொன்னார்: “குற்றம் உள்ள இடத்தில் குரல் உண்டு, குரல் உள்ள இடத்தில் குற்றம் உண்டு. ஆகவே, பெரியோர்களே, இரண்டையும் எண்ணுக!” ஏழு நிமிடம் கைதட்டல். கயற்கண்ணிக்கு உள்ளே சுருக்கென்றது. ஒரு மறுப்புச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் தோளில் பொன்னாடை விழுந்துவிட்டது. புகைப்படத்துக்குச் சிரித்தார்.

மறுநாள் வகைகாணி அந்தத் தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து ஏற்றுக்கொண்டது. ஒரு புகாரில் யார் யார் பெயர் இருக்கிறதோ, அடித்தவரோ அடிபட்டவரோ, ஆளுக்கு ஒன்று. சிறையின் சராசரிக்கு மேற்படாதவர் மெல்வகை. சராசரியின் மும்மடங்கைத் தாண்டியவர் வல்வகை. நடுவில் நிற்பவர் இடைவகை.

“இந்தப் பெண்ணைப் பாருங்கள்,” என்று திரையைத் திருப்பினார் கயற்கண்ணி. “முத்துராக்கு. அறுபது புகார். அறுபதிலும் புகார் கொடுத்தவர் இவரே. ஒன்றில்கூட இவர் மேல் குற்றச்சாட்டு இல்லை. நேற்றுவரை மெல்வகை, இன்று வல்வகை. எப்படி?”

“நேத்துவரை உள்ளே கொடுத்த ஒன்பது மட்டும்தான் கணக்குல இருந்தது மேடம். நேத்து சாயங்காலம் வெளியூர்ப் பதிவெல்லாம் இணைஞ்சிடுச்சு. வெளியில அம்பத்தொண்ணு. எங்க சராசரி பதினொண்ணு, மும்மடங்கு முப்பத்திமூணு. அறுபது தாண்டிடுச்சு இல்லையா?” மங்கையர்க்கரசி தீயவர் அல்லர். வருத்தத்தோடுதான் சொன்னார். “தீர்ப்பை மாத்தணும்னா அடுத்த பட்டிமன்றம் தை மாசம். இன்னும் ஏழு மாசம் இருக்கு.”

“குழந்தைக்கு எட்டு நாள்தான் இருக்கிறது.”

“விதி நாற்பத்திரண்டு இருக்கே. கொடுத்தவங்களே மீட்டுக்கிட்டா அந்தப் புகார் எண்ணப்படாது.”

முத்துராக்கு முற்றத்துச் செவிக்கல்லின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். கயற்கண்ணி தம் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஓ, அந்தக் குரல் அம்மாவா! டீக்கடை ரேடியோவுல கேட்டுருக்கேன். ‘பேசுங்கள் தாய்மார்களே, கல் கேட்கும்’னு சொன்னீங்க. கேட்டுச்சுங்க. பொய் சொல்லக்கூடாது. அம்பத்தோரு தடவை கேட்டுச்சு.”

இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள் அவள். மேற்பார்வையாளன் ஒருவன் உரிப்பு மேசைகளுக்கு இடையே கையைக் கட்டிக்கொண்டு நடக்கமாட்டான். பதினான்கு மாதம், அவன் கை நீண்ட ஒவ்வொரு நாளும் தெருமுனைக் கல்லிடம் போய்ச் சொன்னாள். கல் கேட்டது, எண் கொடுத்தது, ஆள் வரவில்லை. ஐம்பத்திரண்டாம் முறை அவன் கை நீண்டபோது அவள் கல்லிடம் போகவில்லை. ஐஸ் உடைக்கும் கம்பியை எடுத்தாள். ஏழாண்டுச் சிறை.

“அவனை அடிச்சதுக்கு எத்தனைங்க இந்தக் கணக்குல?” என்று கேட்டாள்.

“அது தண்டனை பெற்ற வழக்கு. தீர்ந்த வழக்கைப் பொறி எண்ணாது.”

முத்துராக்கு சிறிது நேரம் அதை வாய்க்குள் போட்டு மென்றாள். “அப்ப அடிச்சது எண்ணிக்கையில இல்ல. அழுதது மட்டும் இருக்கு.”

கயற்கண்ணி அவள் அருகே உட்கார்ந்து, புகாரை மீட்டுக்கொள்ளும் விதி நாற்பத்திரண்டை எடுத்துச் சொன்னார்.

“எல்லாத்தையும் மீட்டுட்டா என் மேல்முறையீடு என்னங்க ஆவுறது? இத்தனை தடவை சொல்லியும் ஒருத்தரும் வரலைங்கிறதுதான் என் பக்கத்து நியாயமே.”

“எல்லாம் வேண்டாம். சராசரி பதினொன்று. பத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பதை விடுங்கள். கதவு திறக்கும்.”

எந்தப் பத்து? அதை முடிவு செய்ய அவளுக்கு ஒரு பகல் முழுதும் ஆயிற்று. கையைப் பிடித்த நாட்களை விட்டாள். கேலி பேசிய நாட்களை விட்டாள். சிறையில் மூன்றாம் கூடத்துக் கிழவியைக் காவலர் ஒருத்தி அடித்ததைச் சொன்ன புகாரையும், தலையைக் குனிந்துகொண்டு விட்டாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் கயற்கண்ணி வெறுந்தாளில் எழுதிக்கொண்டார். சட்டத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆயினும் எழுதினார். மாலையில் கதவு பச்சையாயிற்று.

மறுநாள் விடிந்ததும் சமையற்கூடத்திலிருந்து ஒரு கூச்சல்.

“ஏ முத்துராக்கு! என்னடி செஞ்சு வச்சிருக்க? என் கதவு செவப்பாயிருச்சு!”

சமையலுக்குப் பொறுப்பான பவளக்கொடி, கையில் கரண்டியோடு வந்து நின்றாள். அரிசியில் கல், பருப்பில் வண்டு, எண்ணெயில் கலப்படம் என்று முப்பத்து மூன்று புகார் கொடுத்தவள். நேற்று முப்பத்து மூன்று எல்லைக்குள் இருந்தது. முத்துராக்கு ஐம்பதை மீட்டதும் சிறையின் சராசரி ஒரு துளி இறங்கியது, மும்மடங்கும் இறங்கியது, எதையும் செய்யாத பவளக்கொடி, எதையும் செய்யாமலே வல்வகை ஆனாள்!

“நான் என்னக்கா செய்ய? என் கணக்கைத்தான் கொறைச்சேன்.”

“உன் தலையைக் கொறைச்சா என் தலை ஒசருதே! நல்லா இருக்குடி உங்க பொறி! நான் மட்டும் இளிச்சவாயா? என் வண்டையும் கல்லையும் நானும் திரும்ப எடுத்துக்கிறேன். எல்லாரும் வாயை மூடிட்டுத் தின்னுங்க!”

பவளக்கொடி முப்பத்து மூன்றையும் மீட்டாள். சராசரி மேலும் இறங்கியது. தறிக்கூடத்தில் இருவர் சிவந்தனர், அவர்களும் மீட்டனர். சலவைக்கூடத்தில் ஐவர். பிறகு வரிசை. கல்லின் முன் காலை தொடங்கி மாலைவரை நீண்ட வரிசை! சொன்னதைச் சொல்லவில்லை என்று சொல்ல வந்தவர்களின் வரிசை! சொல்வதற்குக் கூட இப்படி ஒரு வரிசை நின்றதில்லை.

பணியாளர்கள் அதை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தனர். அவர்களுக்கு இந்தச் சூட்சுமம் முதலாண்டிலேயே தெரியும். அவர்கள் கல்லிடம் வாய் திறப்பதே கிடையாது. தகராறு என்றால் கையாலேயே முடித்துவிடுவார்கள். பிறர் புகாரில் பெயர் ஏறக்கூடாதென்று பெயர்ப்பட்டையையும் கழற்றி வைத்திருந்தார்கள். பத்தாண்டாகப் பன்னிருவரும் மெல்வகையே.

முத்துராக்குவின் பத்து நான்காம் நாள் ஆறாயிற்று. ஐந்தாம் நாள் மூன்று. ஒவ்வொரு காலையும் கதவு சிவக்கும். அவள் கல்லிடம் போய் எதை விடுவது என்று நிற்பாள். ஏழாம் நாள் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது எந்த நாளின் புகார் என்று கயற்கண்ணியிடம்கூட அவள் உரக்கச் சொன்னதில்லை. தாளை வாங்கித் தானே கோணல்மாணலாக எழுதிக் கொடுத்திருந்தாள்.

சிறையில் அன்று எஞ்சியிருந்த புகார்கள் மொத்தம் நான்கு. அந்த நிலையில் ஒன்று என்பதே மலை. கதவு சிவந்தது. நாளை குழந்தைக்கு ஆறு நிறைகிறது.

“இதையும் விட்டுட்டா அவன் சுத்தமானவன் ஆயிருவான்ல?”

“பொறியின் கண்ணில்,” என்றார் கயற்கண்ணி.

“பொறிக்குத்தானேங்க கதவு இருக்கு.” முத்துராக்கு எழுந்தாள், கல்லின்மேல் கை வைத்தாள். “மீட்டுக்கிறேன்,” என்றாள். மற்ற மூன்றும் பொழுது சாய்வதற்குள் மீட்கப்பட்டன.

நெய்தற்கரைச் சிறையின் குற்ற எண் சுழியம் ஆயிற்று.

அமைச்சகத்திலிருந்து வாழ்த்து வந்தது: “நாட்டின் முதல் குற்றமற்ற சிறை!” மங்கையர்க்கரசி அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி தேடினார். கயற்கண்ணி அந்தச் சுழியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாண்டுக்கு முன் எண் ஏறியபோது குற்றம் ஏறியதென்று ஒரு கூட்டம் அலறியது. இன்று எண் இறங்கியதும் குற்றம் இறங்கியதென்று அதே கூட்டம் ஆடுகிறது. கிழவியின் முதுகில் தழும்பு இன்னும் ஆறவில்லை; எண்ணுக்கு அது தெரியவில்லை. முன்பு பகலில் நின்றது அனைத்தும் மீண்டும் இருளெண் ஆகிவிட்டது. அதை இருட்டுக்குள் தள்ளியதோ இருட்டை ஒழிக்க வந்த பொறி!

விடிந்தது எட்டாம் நாள். வகைகாணி தன் கடமையைச் செய்தது. சராசரி சுழியம்; சராசரிக்கு மேற்பட்டவர் எவருமில்லை; ஆகவே அனைவரும் மெல்வகை. மெல்வகையினர் மீது பூட்டு விழலாகாது. கூடத்துக் கதவுகள், முற்றத்துக் கதவுகள், மதிலின் பெருங்கதவு என ஒவ்வொன்றாகத் திறந்து நின்றன.

இருநூறு பெண்களும் சிறிது நேரம் நின்று பார்த்தார்கள். பிறகு பவளக்கொடி, “நிக்கிறதுக்கா திறந்திருக்கு?” என்று முன்னே நடந்தாள். சிலர் கடற்கரைக்குப் போனார்கள். சிலர் எதிரே டீக்கடைக்குப் போய், டீ சரியில்லை என்று திரும்பி வந்தார்கள். பவளக்கொடி மீன் ஏலம் விடும் இடத்துக்குப் போய், சிறைக்கு அழுகல் மீன் அனுப்பும் ஆளைத் தேடிப் பிடித்து முகத்துக்கு நேரே கேட்டாள். முத்துராக்கு மகளை மணலில் உட்காரவைத்து ஆறு வயதுக்குத் தலைவாரினாள். ஒருத்திகூட ஓடவில்லை.

ஆனால் மங்கையர்க்கரசியின் நெஞ்சு ஓடியது. நண்பகலில் மாடியில் நின்று திறந்த பெருங்கதவைப் பார்த்தார். யாராவது ஒருத்தி திரும்பாவிட்டால் யார் பதில் சொல்வது? பூட்டில்லாத சிறைக்குக் கண்காணிப்பாளர் எதற்கு? விடுவிடென்று தம் அறைக்குள் போனார். மேசைமேல் அவருக்கென்று ஒரு சிறிய செவிக்கல் இருந்தது. பத்தாண்டில் அவர் அதைத் தொட்டதில்லை.

“மேடம், வேண்டாம்!” கயற்கண்ணி வாசலுக்கு ஓடிவந்தார். “சொல்லாதீர்கள்!”

சொன்ன பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. வாழ்நாளெல்லாம் பேசுங்கள், பேசுங்கள் என்று மேடைதோறும் முழங்கிய வாய், முதன்முறையாக ஒருவரைப் பேசாதே என்கிறது!

“கண்ணெதிரே நடக்குது, சொல்லாம இருக்கச் சொல்றீங்களா? நீங்களா சொல்றீங்க?” மங்கையர்க்கரசி கல்லின்மேல் கை வைத்தார். “இச்சிறையின் கதவுகள் அனைத்தும் கட்டுப்பாடின்றித் திறந்து கிடக்கின்றன. பெரும் ஆபத்து.”

கல் கேட்டது: “புகார் கொடுப்பவர்?”

பெயரையும் பதவியையும் முழுமையாகச் சொன்னார்.

“யார் மீது?”

அவர் தயங்கினார். கதவு விதிப்படி திறந்தது. கைதிகள் விதிப்படி போனார்கள். “யார் மீதும் இல்லை.”

கல் ஓர் எண் கொடுத்தது. வகைகாணி அதை ஏற்றது. சிறையின் மொத்தப் புகார் ஒன்று; அதில் உள்ள பெயர் ஒன்று; சராசரி, இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தச் சராசரியின் மும்மடங்கைத் தாண்டியவர் சுவருக்குள் ஒரே ஒருவர். அறைக்கதவு கயற்கண்ணியின் மூக்குக்கு நேரே மூடியது. நெற்றியில் சிவப்பு எரிந்தது. சிறை முழுவதிலும் பூட்டப்பட்டிருந்த கதவு அது ஒன்றுதான்.

சத்தம் கேட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். உள்ளிருந்து தட்டும் ஒலி. கயற்கண்ணி கதவோரம் குனிந்து விளக்கினார்: “மேடம், மீட்டுக்கொண்டால் உடனே திறந்துவிடும். விதி நாற்பத்திரண்டு.”

“மீட்டுக்கிட்டா ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிடுமே! எல்லாக் கதவும் திறந்தேதானே கிடக்கும்?”

“ஆமாம்.”

முத்துராக்கு கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவருகே வந்தாள். அவள் குரலில் கேலி இல்லை.

“மீட்டுருங்க மேடம். மொத ஒண்ணு விடுறதுதான் வலிக்கும். நான் அறுபது மீட்டேன், உங்களுக்கு ஒண்ணுதான்.”

“ஆனா நான் சொன்னது உண்மைதானேம்மா!” என்று கதவின் பின்னாலிருந்து குரல் உடைந்து வந்தது.

“நான் சொன்ன அறுபதும் உண்மைதான் மேடம்,” என்றாள் முத்துராக்கு.